வேகாத பயறும் ஆயுத பூஜைச் சுண்டலும்

போன வாரம் ரம்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லேபில் இப்போது தானியப் பிரிவு அவள் பொறுப்பில் இருக்கிறது. பழைய காகிதங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். அப்படி ஏற்றும்போது ஒரு படிவம் அவள் கையில் சிக்கியிருக்கிறது.

"சார், 'சுண்டல் அனுமதிப் படிவம்'னு ஒண்ணு இருக்கு. வருஷத்துக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் மூணு கையெழுத்து. ஆயுத பூஜைக்கு சுண்டல் பண்றதுக்கு எதுக்கு சார் மூணு கையெழுத்து? வெளையாட்டுக்குப் பண்ணதா?"

"வெளையாட்டு இல்லம்மா. என்னாலதான் வந்துச்சு."

"இன்னொண்ணு சார். ரோஸ்லின் மேடம் கையெழுத்துக்குக் கீழ எல்லா வருஷமும் அஞ்சலைன்னு ஒரு கையெழுத்து இருக்கு. அஞ்சலை மேடம் எந்த டிபார்ட்மென்ட்? இங்க யாருக்குமே தெரியல."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, சுண்டலைப் பற்றி எழுத வேண்டுமானால் முப்பது வருட உத்தியோகத்தையும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும் என்று.

எங்கள் லேப் தனியார் லேப். கடலூர் முதுநகர் தாண்டி, சிப்காட் போகிற வழியில் ஒரு மாடிக் கட்டடம். பெயர் வேண்டாம். வியாபாரிகள், மில்காரர்கள், ஓட்டல்காரர்கள், விடுதிக்குச் சமைத்துப் போடுகிறவர்கள் எல்லாம் வாங்கப் போகிற தானியத்தில் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் ஈரம் எவ்வளவு, கல் மண் எவ்வளவு, வண்டு உண்டா, சாயம் ஏற்றியதா, வேகுமா வேகாதா என்று பார்த்து ரிப்போர்ட் கொடுப்போம். நாங்கள் பார்த்தது விதைகளைத்தான். ஆனால் விதைக்கிற விதை இல்லை, தின்கிற விதை.

நான் சேர்ந்த புதிதில் என் மச்சான் கிண்டல் செய்வார். "போயும் போயும் பயறு எண்ற வேலையா மாப்ள?" என்பார். நான் அவருக்குக் கணக்குச் சொல்வேன். காலையில் குடிக்கிற காபி ஒரு விதை. இட்லி என்பது அரிசியும் உளுந்தும், இரண்டு விதை. சட்னிக்குப் பொட்டுக்கடலை விதை, தாளிக்கிற கடுகு விதை, ஊற்றுகிற எண்ணெய் எள்ளு விதை. மத்தியானம் சோறும் துவரம்பருப்பும் விதை. சாயந்திரம் கடற்கரையில் வாங்கித் தின்கிற வேர்க்கடலையும் விதை. மனுஷன் ஒரு நாளைக்கு ஒன்பது வேளை விதை தின்றுவிட்டு, அதைச் சோதிக்கிறவனைக் கிண்டல் செய்கிறான் பாருங்கள் என்பேன். மச்சான் அசரமாட்டார். "அதெல்லாம் சரி, மீனு விதை இல்லல்ல?" என்பார்.

சேர்ந்து முதல் மூன்று மாதம் எண்ணியதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. மேஜை மேல் வெள்ளைப் பலகை, கையில் மழுங்கிய கத்தி. விரலால் தொடக் கூடாது. கத்தி முனையால் ஐந்து ஐந்தாகத் தள்ள வேண்டும். உளுந்து, பயறு, கொள்ளு எல்லாம் சமாளித்துவிட்டேன். எள்தான் என்னை அழவைத்தது. ஆயிரம் எள் எண்ணி எடை போட வேண்டும். ஒரு நாள் தொள்ளாயிரத்தைத் தாண்டிய சந்தோஷத்தில் ஒரு தும்மல் போட்டேன். எள் முழுக்கப் பறந்து போய்விட்டது.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "கலியமூர்த்தி, சாப்டீங்களா?"

தலைமை ஆய்வாளர் ரோஸ்லின் மேடம். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, காலடிச் சத்தமே கேட்காது. அவர் 'சாப்டீங்களா' என்று கேட்டால் லேபில் எல்லாரும் உஷாராகிவிடுவோம். ஏனென்றால் சாப்பிடாதவரை அவர் திட்டவே மாட்டார். பசியோடு இருக்கிறவனைத் திட்டினால் அவனுக்குக் கோபம்தான் வரும், புத்தி வராது என்பது அவருடைய கட்சி. இல்லை மேடம் என்றால், போய்ச் சாப்பிட்டு வாங்க என்பார். ஆச்சு மேடம் என்றால் உட்காரச் சொல்வார். திட்டும்போதும் குரல் உயராது, வாங்க போங்க மாறாது. கடைசியில் பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து நீட்டி, தன் பேனாவையும் கொடுத்து, "என்ன நடந்துச்சோ ஒங்க கையால எழுதுங்க" என்பார். நாங்கள் அதற்கு வைத்த பெயர் தப்பு நோட்டு. அதில் என்னுடைய முதல் வரி: 'எள் எண்ணும்போது தும்மினேன்.'

மேடம் அதைப் படித்துவிட்டு, "இனிமே?" என்றார்.

"இனிமே தும்ம மாட்டேன் மேடம்."

"தும்முங்க. தலையத் திருப்பிக்கிட்டு தும்முங்க."

அவரிடம் கற்றுக்கொண்டதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மாவுக் கடைக்காரர் உளுந்து கொண்டுவந்து, "மேடம், இந்த உளுந்து காண மாட்டேங்குது" என்று புலம்பினார். காணுதல் என்றால், ஆட்டும்போது மாவு பொங்கி நிறைய வருவது. நான் ஊறவைத்து, கிரைண்டரில் ஆட்டி, அளவு ஜாடியில் உயரம் பார்த்து முடித்தேன். பஞ்சு மாதிரி மாவு சும்மா இருக்கிறது. எனக்குக் கை அரித்தது. பக்கத்து டீக்கடையில் கொடுத்து வடையாகச் சுட்டு வாங்கி, ஊழியர் எல்லாருக்கும் பங்கு வைத்துவிட்டேன். இரண்டாம் முறை அளந்து சரிபார்க்க மேடம் மாவைக் கேட்டபோது என் கையில் ஒரு வடைதான் மிச்சம் இருந்தது. அன்றைக்கு மறுபடி நோட்டு. அன்றிலிருந்து லேபில் ஒரு சட்டம் வந்தது: எந்த மாதிரியையும் வேலை முடிவதற்கு முன் தின்னக் கூடாது. கொண்டுவரும் பையில் பாதியைச் சோதனைக்கு எடுத்தால், மறு பாதியைக் கட்டி, சீட்டு ஒட்டி, மூன்று மாதம் அலமாரியில் வைக்க வேண்டும். பின்னால் யாராவது ரிப்போர்ட் தப்பு என்று வந்தால் அதுதான் சாட்சி. அதற்குக் காவல் மாதிரி என்று பெயர்.

மூன்று மாதம் கழிந்த, ரிப்போர்ட்டில் சுத்தம் என்று வந்த பைகளை என்ன செய்வது? அதற்குத்தான் ஆயுத பூஜை. வருடா வருடம் பூஜைக்கு முந்தின வேலை நாளில் தராசு, கிரைண்டர், ஓவன், மைக்ராஸ்கோப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கெடு தாண்டிய பைகளில் சுண்டல் செய்து எல்லாரும் சாப்பிடுவோம். எந்தப் பை போகலாம் என்று பார்த்து எடுப்பது என் வேலை. எடுத்து என் மேஜை மேல் வைப்பேன். அங்கிருந்து எடுத்துக்கொண்டு போய் ஊறவைத்துச் சமைப்பது அஞ்சலக்கா.

ஆமாம் ரம்யா, அஞ்சலக்கா லேபைப் பெருக்கித் துடைத்து, கண்ணாடிச் சாமான் கழுவியவர். அவர் டிபார்ட்மென்ட் அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஏழெட்டு வருடம் முன்னால் நடந்தது.

சிதம்பரத்தில் மாணவர் விடுதிகளுக்குச் சமைத்துப் போடுகிற மாணிக்கம் என்பவர் ஒரு பை பச்சைப்பயறு கொடுத்தனுப்பினார். கிள்ளை பக்கத்தில் ஏழு பெண்கள் சேர்ந்து, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஆடியில் விதைத்து எடுத்த பயறு. மொத்தத்தையும் அவரே வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. சாயந்திரம் பிள்ளைகளுக்குச் சுண்டல் போட. அதற்கு முன்னால் எங்கோ வாங்கின பயறு வேகாமல் பிள்ளைகள் தட்டைத் திருப்பிவிட்டதால், லேப் ரிப்போர்ட் இல்லாமல் எதையும் வாங்குவதில்லை என்று வைத்திருந்தார்.

வேகும் சோதனை எனக்குக் கை வந்த வேலை. நூறு பயறு எண்ணிக் கம்பி வலைக் கூடையில் கொட்ட வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரைக் கொதிக்கவிட்டு கூடையை இறக்கி, கடிகாரத்தைத் தட்ட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பத்துப் பயறு எடுத்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால், வெந்த பயறு கூழாகப் பரவும். வேகாததில் நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி நிற்கும். அந்தக் கிள்ளைப் பயறில் கெடு நேரம் தாண்டியும் புள்ளி நின்றது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் நின்றது. 'வேகும் தன்மை போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடமும் என்னை நம்பிப் போட்டார். மாணிக்கம் பயறு வேண்டாம் என்றுவிட்டார்.

நாலாம் நாள் ஒரு பெண் லேபுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். இடுப்பில் ஒரு குக்கர். பேர் வளர்மதி, அந்த ஏழு பேரில் முன்னால் நின்று நடத்துகிறவர் என்று சொன்னார்.

"சார், எங்க பயறு வேகலன்னு எழுதினது யாரு?"

"நான்தாம்மா."

"எங்க ஊட்ல மூணு விசில்ல கொழைஞ்சு போவுது சார். தோ, குக்கர் எடுத்தாந்துருக்கேன். பயறும் இருக்கு. ஒரு அடுப்பு மட்டும் குடுங்க, ஒங்க கண்ணு முன்னாடியே வேக வெச்சுக் காட்றேன்."

"வெளிப் பாத்திரம் உள்ள வரக் கூடாதும்மா. ரூல்."

அவர் குக்கரைக் கீழே வைத்தார். "சரி சார். நீங்க எந்தத் தண்ணியில வேக வெச்சீங்க?"

நான் சிரித்தேன். இதை எழுதும்போது அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது. "இது லேப்மா. இங்க குழாத்தண்ணி கிணத்துத்தண்ணி எல்லாம் கெடையாது. காய்ச்சி வடிச்ச தண்ணி. ஒங்க பக்கத்து உப்புத்தண்ணி மாதிரி இல்ல" என்றேன்.

"இல்ல சார், கேட்டேன்" என்றார் அவர்.

உள்ளேயிருந்து மேடம் வந்தார். உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் கேட்டார். வளர்மதிக்கு முகம் இறுகிப் போயிருந்தது. மூட்டை எல்லாம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கிடக்கிறது, ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஈரத்தில் வண்டு விழுந்துவிடும், இது விலை போகாவிட்டால் தைக்கு அந்த நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக நிலத்துக்காரர் சொல்லிவிட்டார் என்றார். "மொத மொதல்ல ஏழு பேரும் எங்க பேர்ல செஞ்ச வெள்ளாமைம்மா" என்று முடித்தார்.

மேடம் முறைப்படி செய்தார். மறுபரிசோதனைக்கு விண்ணப்பம் வாங்கிக்கொண்டார். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து முதல் நாள் காவல் மாதிரியை எடுத்து, இரண்டு தரப்பையும் வைத்துக்கொண்டு சோதிப்பது என்று முடிவு செய்தார். மாணிக்கத்திடம் போனில் பேசினார். அதுவரை பொறுப்பதாக அவரும் ஒத்துக்கொண்டார்.

எனக்கு உள்ளூர கோபம். என் விரலை நம்பாமல் மறுபரிசோதனையா என்று. ஆனாலும் கடமையில் குறை வைக்கக் கூடாது பாருங்கள். பூஜைக்காக அலமாரி எல்லாம் துடைக்கப் போகிறார்கள், பைகள் இடம் மாறும், அந்தக் காவல் மாதிரி காணாமல் போய்விடக் கூடாது என்று அதை அலமாரியிலிருந்து எடுத்து, பத்திரமாக, என் மேஜை மேல் வைத்தேன். பக்கத்தில், கெடு தாண்டிய கொண்டைக்கடலைப் பைகள் மூன்று இருந்தன. அன்று சாயந்திரம் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் லேபில் பூஜை. சாம்பிராணி, பொரி, அவல், வாழைப்பழம். அஞ்சலக்கா இரண்டு குண்டான்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றில் கொண்டைக்கடலை, இன்னொன்றில் பச்சைப்பயறு. தேங்காயும் மாங்காயும் சீவிப் போட்டு, கடுகும் கறிவேப்பிலையும் வெடித்த வாசனை.

"இந்த வருஷம் ரெண்டு சுண்டலா!" என்று நான் முதல் ஆளாக இலையை நீட்டினேன். பச்சைப்பயறை வாயில் போட்டால் அப்படிக் கரைகிறது. தோல் விடாமல், குழையாமல், நாக்கால் அழுத்தினாலே மசிகிற பதம். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாம் தடவைதான் கேட்கத் தோன்றியது.

"அக்கா, பயறு சூப்பரு. எங்க வாங்கினீங்க?"

"வாங்கினனா? ஒங்க டேபிள்ல இருந்ததுதான் சார்."

எனக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வேகாது என்று நான் எழுதிக் கொடுத்த பயறு என் வாயில் வெண்ணெயாகக் கிடந்தது. மொத்த லேபும் சாட்சியைத் தேங்காய் போட்டுத் தின்றுகொண்டிருந்தது.

"இது... வெந்துச்சா அக்கா?" என்றேன், வாயில் வைத்துக்கொண்டே.

"வேகாம என்னா சார்? நம்ம போர் தண்ணியில வெச்சா ஜென்மத்துக்கும் வேகாது. அந்தத் தண்ணியில உப்பு ஜாஸ்தி. அதான் வருஷா வருஷம் கடையில கேன் தண்ணி வாங்கி ஊத்துறது."

இலையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். தண்ணீர் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். காய்ச்சி வடித்த தண்ணீர்க் கேனில் தினமும் காலையில் மீட்டரை முக்கி, அதில் உப்பு எவ்வளவு காட்டுகிறது என்று எழுத வேண்டும். கிள்ளைப் பயறைச் சோதித்த நாளில் என் கையெழுத்தில் 'ஒன்று' என்று இருந்தது. நல்ல தண்ணீர். ஆனால் அதே பக்கத்தின் அடியில் இன்னொரு குறிப்பும் இருந்தது: தண்ணீர் காய்ச்சி வடிக்கும் சாதனம் பழுது, மூன்று நாள் ஓடவில்லை. அப்படியானால் கேன் எப்படி நிரம்பியிருந்தது? ஏதோ அவசரத்துக்கு யாரோ அதில் குழாய்த் தண்ணீர், அதாவது அதே போர் தண்ணீர், பிடித்து வைத்திருக்கிறார்கள். யார் என்று நான் தேடவில்லை. அன்றைக்கு மீட்டரை முக்கியிருந்தால் தெரிந்திருக்கும். நான் முக்கவில்லை. எத்தனையோ வருடமாக ஒன்று, இரண்டு என்றே காட்டிக்கொண்டிருந்த மீட்டர்தானே என்று, பார்க்காமலே முந்தின நாள் எண்ணை எழுதியிருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. தும்மினதும் வடை சுட்டதும் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம். இது பொய். ஒரு பெண் இடுப்பில் குக்கரோடு வந்து இதையேதான் கேட்டார். நான் பல்லைக் காட்டினேன்.

மேடம் தன் அறையில் சந்தனம் வைத்த தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"கலியமூர்த்தி, சாப்டீங்களா?"

"சாப்ட்டேன் மேடம். அதச் சொல்லத்தான் வந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மேஜை மேலும் ஒரு காலி இலை இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டவில்லை. பழுப்பு நோட்டை எடுத்து நீட்டினார்.

"எத எழுதணும் மேடம்? சுண்டலையா?"

"ரெண்டும். மொதல்ல தண்ணி. அப்பறம் சுண்டல்."

எழுதினேன். நோட்டைத் திரும்ப வாங்கி, நான் எழுதியதற்குக் கீழே அவர் ஒரு வரி எழுதினார். அத்தனை வருடத்தில் அவர் அதில் எழுதி நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். 'பார்க்காமல் கையெழுத்திட்டேன். நானும் சாப்பிட்டேன். ரோஸ்லின்.'

பிறகு மாணிக்கத்துக்குப் போன் போட்டார். எங்கள் ரிப்போர்ட் தவறு, வாபஸ் வாங்குகிறோம், காவல் மாதிரியும் எங்கள் தவறால் இல்லை, புதிதாக மாதிரி எடுக்க வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் மாணிக்கம் குதித்தது எனக்கே கேட்டது.

"ஒங்க பேப்பர நம்பித்தான மேடம் நான் வேணாம்னேன்! லீவு முடிஞ்சா பசங்க வந்துருவாங்க. வேற எடத்துல சொல்லி வெச்சிருக்கேன். நாளன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள தெரியணும்."

நாளை ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி. இரண்டு நாளும் லேப் விடுமுறை. மேடம் என்னைப் பார்த்தார். "நாளன்னிக்கு நான் வந்து லேப தெறக்குறேன். நாளைக்கு நீங்க?"

"நான் கிள்ளைக்குப் போறேன் மேடம்."

மூட்டையில் குத்தித் தானியம் எடுக்கிற குத்தூசியைப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை சிதம்பரம் பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன். வானம் மூடிக்கொண்டு நின்றது. மாணிக்கமும் பைக்கில் வந்துவிட்டார். சமுதாயக் கூடத்தில் மூட்டைகளுக்கு அடியில் பலகை போட்டு, மேலே தார்ப்பாய் மூடியிருந்தார்கள். அரிவாள்களையும் முறங்களையும் கழுவி வரிசையாக வைத்து, பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள் அந்த ஏழு பேரும். என்னைக் கண்டதும் வளர்மதி எழுந்தார். மேடம் போனில் வருகையை மட்டும்தான் சொல்லியிருந்தார். மிச்சத்தை நான்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் ஏற்பாடு.

"தப்பு என்னுதும்மா. ஒங்க பயறு மேல ஒரு கொறையும் இல்ல" என்றேன்.

வளர்மதி என்னையே பார்த்தார். "தண்ணியா?"

"தண்ணிதான்."

"நான் கேட்டனே சார்."

"கேட்டீங்க."

"சிரிச்சீங்க."

"சிரிச்சேம்மா. மன்னிச்சிருங்க."

அவர் என் பையில் நீட்டிக்கொண்டிருந்த குத்தூசியைப் பார்த்தார். "சரி, மிச்சப் பயறுதான் ஒங்ககிட்ட இருக்கே, அதயே மறுபடி பாக்க வேண்டியதுதான? எதுக்கு இந்த ஊசி?" என்றார்.

"அது... சாப்ட்டுட்டோம்மா."

"என்னாது?"

"ஆயுத பூஜைக்கு சுண்டல் பண்ணிட்டோம். நல்லா வெந்துச்சு. அப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

அவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு திரும்பினார். அழுகிறார் என்று நினைத்தேன். "அடியே, கேட்டீங்களா! வேகலன்னு எழுதிக் குடுத்துட்டு, அதயே வேக வெச்சுத் தின்னுட்டு வந்துருக்காங்கடி!" என்றதும் அந்தக் கூடமே சிரித்தது. மாணிக்கமும் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? ஆனால் வளர்மதிதான் எல்லாருக்கும் முன்னால் சிரிப்பை நிறுத்தினார். "சிரிச்சாச்சு. மூட்ட போனாத்தான் சார் எங்களுக்கு ராத்தூக்கம். குத்துங்க" என்றார்.

ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் குத்தி எடுத்தேன். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட பையோடு கடலூர் திரும்பினேன். வழியெல்லாம் தூறல். பையை மடியில் வைத்து, சட்டையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விஜயதசமி அன்று மேடம் லேபைத் திறந்தார். வளர்மதியும் மாணிக்கமும் வந்திருந்தார்கள். அஞ்சலக்காவையும் வரச் சொல்லியிருந்தார். மேஜை மேல் இரண்டு அடுப்பு, இரண்டு பாத்திரம். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், இன்னொன்றில் எங்கள் போர் தண்ணீர். இரண்டிலும் மீட்டரை முக்கி, எண்ணை வளர்மதிக்கும் மாணிக்கத்துக்கும் காட்டச் சொன்னார். முதலாவதில் ஒன்று. இரண்டாவதில் ஆயிரத்தைத் தாண்டி ஓடியது. நூறு நூறாக எண்ணி இரண்டு கூடையையும் ஒன்றாக இறக்கினேன்.

எத்தனையோ தரம் செய்த வேலை. அன்றைக்கு மட்டும் ஐந்து நிமிடம் ஒரு மணி நேரமாக இருந்தது. வளர்மதி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெடு நேரம் வந்தது. நல்ல தண்ணீரிலிருந்து பத்துப் பயறு எடுத்துக் கண்ணாடிக்கு நடுவில் வைத்து அழுத்தினேன். பத்தும் கூழாகப் பரவின. ஒரு புள்ளி இல்லை. போர் தண்ணீர்ப் பயறை அழுத்தினேன். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் புள்ளி முழித்துக்கொண்டு நின்றது.

"நான் சொன்னன்ல" என்றார் அஞ்சலக்கா, யாரிடமும் இல்லாமல் பொதுவாக.

மாணிக்கம் போனை எடுத்து வண்டிக்குச் சொன்னார். அன்று சாயந்திரமே மூட்டைகள் சிதம்பரம் போய்விட்டன. ராத்திரி பிடித்த மழை நாலு நாள் விடவில்லை.

புது ரிப்போர்ட்டையும், தவறை ஒத்துக்கொண்டு எழுதிய கடிதத்தையும் மேடம் வளர்மதி கையில் கொடுத்தார். "எங்களால ஒங்களுக்கு வீண் அலைச்சல். வேற ஏதாவது செய்யணுமா, சொல்லுங்க" என்றார்.

வளர்மதி யோசித்தார். "எனக்கு ஒண்ணும் வேணாம்மா. இனிமே யாரு வந்து என்னா தண்ணின்னு கேட்டாலும், சிரிக்காம காட்டச் சொல்லுங்க."

அன்றிலிருந்துதான் எங்கள் ரிப்போர்ட்டில் 'தண்ணீர்' என்று தனியாக ஒரு வரி வந்தது ரம்யா. கேட்கிறவர் யாராக இருந்தாலும் மீட்டரைக் கண் முன்னால் முக்கிக் காட்டுகிற வழக்கமும் அன்றைக்கு வந்ததுதான். சுண்டல் படிவமும் அந்த வாரமே வந்தது. முதல் கையெழுத்து, பையை எடுத்துக் கொடுக்கிற நான். இரண்டாவது, சரிபார்க்கிற மேடம். மூன்றாவது வரியில் மேடம் தன் கையால் எழுதியது: 'தண்ணீர் பார்த்தவர்.'

"எனக்கெதுக்கும்மா கையெழுத்து?" என்று அஞ்சலக்கா நெளிந்தார்.

"தண்ணியப் பாத்தது இந்த லேப்ல நீங்க ஒருத்தருதான" என்றார் மேடம். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே, கோடு தாண்டி, பெரிதாகப் போட்டார். ஓய்வு பெறுகிறவரை வருடா வருடம் அப்படித்தான் போட்டார். நீங்கள் அவரை மேடம் என்று நினைத்ததில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. போன மாதம் பார்த்தபோது காது கொஞ்சம் மந்தம், மற்றபடி சௌக்கியம். இதைச் சொன்னால் மகிழ்ந்து போவார்.

தையில் அந்த நிலம் வளர்மதியிடமே இருந்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு லேபுக்கு ஒரு துணிப்பை வந்தது. உள்ளே பச்சைப்பயறு. மேலே ஒரு சீட்டு: 'இது சாப்பிட. டெஸ்டுக்கு இல்லை.' மேடம் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். அதற்கப்புறம் ஒரு வருடமும் தவறவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு பை என் வீட்டுக்கே வருகிறது.

இந்த வருடப் பை நேற்று வந்தது. சீட்டில் இன்னொரு வரி சேர்த்திருக்கிறார்: 'தண்ணி பாத்து வேக வைங்க சார்.' அடுப்பங்கரையில் குடத்தில் குழாய்த் தண்ணீர் இருந்தது. அதைத் தொடாமல் தெருமுனைக் கடைக்குப் போய், கேன் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன்.